12 கிலோமீட்டர் தோண்டிவிட்டு 6,371 கிலோமீட்டருக்குக் கணக்குச் சொல்வது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளின் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நீங்கள் கேட்டது இதுதான்: பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில், மனிதன் தோண்டிய மிக ஆழமான துளையோ 12 கிலோமீட்டர்தான், அப்படியிருக்க 2,900 கிலோமீட்டரில் கரு தொடங்குகிறது, அது இரும்பும் நிக்கலும், அங்கே 5,000 டிகிரிக்கு மேல் வெப்பம் என்றெல்லாம் யார் போய்ப் பார்த்து எழுதினார்கள்? கூடவே, நாம் கொதிக்கும் குழம்பின்மேல்தான் மிதந்துகொண்டிருக்கிறோமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அடுக்குகளின் எல்லைகள் எங்கே, ஒவ்வொன்றும் திடமா திரவமா என்பது முதலாவது. எந்தப் பொருளால் ஆனவை என்பது இரண்டாவது. எவ்வளவு சூடு, எப்போது உருவாயின, இப்போது அங்கே என்ன நடக்கிறது என்பது மூன்றாவது. முதலாவதுக்கு மிக உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு நல்ல, ஆனால் சுற்றிவளைத்து வந்த பதில். மூன்றாவதில் பெரும்பகுதி இன்னும் சண்டையில் இருக்கிறது. பாடப்புத்தகம் மூன்றையும் ஒரே படத்தில், ஒரே தொனியில் அச்சிட்டுவிடுவதால்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அது நியாயமான சந்தேகம். நில அதிர்வுப் பதிவுகளை வாசிப்பது பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. ஆகவே முதலாவதைப் பற்றிச் செய்து பார்த்தவன் என்ற முறையிலும், மற்ற இரண்டைப் பற்றி அந்தத் துறைக்காரர்களின் வேலையைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற அளவிலும் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-ல் தோண்டத் தொடங்கி 1989-ல் 12,262 மீட்டரை எட்டினார்கள். ஒரு சாண் அகலம்தான் இருக்கும். அடியில் 100 டிகிரி போல இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 180 டிகிரி இருந்தது. அந்தச் சூட்டில் பாறை இளகி, துளையை மூடப் பார்த்தது. அங்கே மேலோட்டின் தடிமன் சுமார் 40 கிலோமீட்டர். ஆக, பூமியின் தோலைக்கூட முழுதாகத் துளைக்கவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தத் துளை வேறொரு பாடத்தைச் சொன்னது. சுமார் 7 கிலோமீட்டர் ஆழத்தில் நில அதிர்வு அலைகளின் வேகம் சட்டென்று மாறுவது முன்பே தெரிந்திருந்தது. கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் இடம் அது என்று பலரும் கருதியிருந்தார்கள். துளை அங்கே போய்ச் சேர்ந்தபோது பசால்ட் இல்லை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, வெடிப்பு விட்டு, நீர் ஊறிய கிரானைட் வகைப் பாறைதான் இருந்தது. எல்லை இருக்கும் என்று சொன்ன இடத்தில் எல்லை இருந்தது. பாறையின் பெயரைத்தான் தவறாக ஊகித்திருந்தார்கள். அலை சொல்வது வேக மாற்றத்தை. பொருளின் பெயரைச் சொல்வது நாம். கீழே எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் சாவி.

அலைகளுக்குப் போகும் முன் எடையைப் பார்ப்போம், ஏனென்றால் எந்தக் கருவியும் பூமிக்குள் போகாமலேயே முதல் துப்பு அங்கிருந்துதான் கிடைத்தது. 1798-ல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை அளந்து, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போலச் சுமார் ஐந்தரை மடங்கு என்று கண்டார். இன்றைய மதிப்பு 5.51. நம் காலடியில் கிடக்கும் கிரானைட்டோ 2.7 தான். அப்படியானால் உள்ளே மேற்பரப்புப் பாறையைவிட மிகக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும். மேலேயுள்ள பாரம் அமுக்குவதாலேயே உள்ளே அடர்த்தி கூடியிருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் சோதிக்க வழி உண்டு. சுழலும் கோளத்தின் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதை நிலைமத் திருப்புத்திறன் காட்டிவிடும். எடை சீராகப் பரவியிருந்தால் அந்த எண் 0.4 வரும். பூமியின் அச்சு 26,000 ஆண்டுக்கு ஒரு முறை தலைசுற்றி வருவதையும், செயற்கைக்கோள்கள் உணரும் ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.33 வருகிறது. எடையின் பெரும்பங்கு நடுவில் குவிந்திருக்கிறது என்பது இதிலிருந்தே உறுதி. 1897-ல் ஜெர்மனியின் எமில் வீகர்ட் இந்த மாதிரிக் கணக்கை வைத்துத்தான் உள்ளே இரும்புக் கரு இருக்கவேண்டும் என்றார். அப்போது கருவின் எதிரொலியை யாரும் கேட்டிருக்கவில்லை.

இதே காலத்தில் நம் நாட்டின் நில அளவையும் ஒரு துப்பு கொடுத்தது. 1802-ல் பரங்கிமலை அருகே அடித்தளக் கோடு அளந்து தொடங்கிய அந்தப் பெரிய முக்கோண அளவை, பல பத்தாண்டுகள் கழித்து இமயத்தை நெருங்கியபோது, தூக்குக்குண்டு மலையின் ஈர்ப்பால் பக்கவாட்டில் சாய்வது கணக்கில் வந்தது. மலையின் பருமனை வைத்து எவ்வளவு சாயவேண்டும் என்று பிராட் என்பவர் கணக்கிட்டார். உண்மையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சாய்ந்திருந்தது. 1855-ல் ஜார்ஜ் ஏரி இதற்குக் காரணம் சொன்னார்: மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை வேர்போல ஆழமாக இறங்கியிருக்கிறது, அதனால்தான் மொத்த ஈர்ப்பு குறைகிறது. இன்று நில அதிர்வு அலைகள் திபெத்துக்கு அடியில் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன் என்று காட்டுகின்றன. கடலடியில் அது 7 கிலோமீட்டர் போலத்தான். ஒரு தூக்குக்குண்டு சொன்னதை ஒரு நூற்றாண்டு கழித்து அலைகள் ஒப்புக்கொண்டன என்பதை நான் எப்போதும் வியப்போடுதான் நினைத்துக்கொள்வேன்.

சரி, அலைகளுக்கு வருவோம். 1897 ஜூன் 12-ல் அசாமில் மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் ஓல்டாம் அதை விரிவாக ஆராய்ந்தார். தொலைவிலிருந்த ஐரோப்பியக் கருவிகளில் பதிந்த கோடுகளைப் பார்த்து, ஒரே நிலநடுக்கத்திலிருந்து மூன்று வகை அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதைப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது பி அலை. போகும் திசையிலேயே பாறையை நெருக்கியும் விரித்தும் போகும். திடம், திரவம் இரண்டிலும் போகும். அடுத்து வருவது எஸ் அலை. பாறையைக் குறுக்கே அசைத்துக்கொண்டு போகும். திரவத்துக்குத் தன் வடிவத்தை மீட்கும் விறைப்பு கிடையாது என்பதால் அதற்குள் எஸ் அலையால் போகவே முடியாது. மூன்றாவது, மேற்பரப்போடு தவழ்ந்து வரும் அலை. கட்டடங்களை அதிகம் ஆட்டுவது பெரும்பாலும் இதுதான். 1906-ல் ஓல்டாம், பூமியின் நடுப்பகுதி வழியாக வரவேண்டிய அலைகள் கணக்குக்கு ஒத்துவராமல் தாமதிப்பதைக் காட்டி, உள்ளே வேறு பொருளாலான ஒரு கரு இருக்கிறது என்றார்.

அதன்பிறகு எல்லைகள் அடுத்தடுத்து வந்தன. 1909 அக்டோபரில் குரோஷியாவின் ஸாக்ரெப் அருகே ஒரு நிலநடுக்கம். ஆண்ட்ரியா மொஹொரோவிச்சிச் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார். பக்கத்து நிலையங்களில் ஒரு பி அலை முதலில் வருகிறது; சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த நிலையங்களிலோ இன்னொரு பி அலை அதை முந்திக்கொண்டு வருகிறது. நேர்வழியை விட்டுக் கீழே இறங்கி, வேகமான பாறைக்குள் ஓடி, மீண்டும் மேலே ஏறி வந்தால்தான் அப்படி முந்தமுடியும். மேலோடு முடிந்து, அதற்கும் கருவுக்கும் இடையிலுள்ள கவசம் தொடங்கும் அந்த எல்லையைத்தான் இன்று மோஹோ என்கிறோம். பி அலையின் வேகம் அங்கே நொடிக்கு 7 கிலோமீட்டருக்குக் கீழிருந்து சுமார் 8 கிலோமீட்டருக்குத் தாவுகிறது. சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பெர்க் கருவின் எல்லையைச் சுமார் 2,900 கிலோமீட்டரில் வைத்தார். நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 11,400 கிலோமீட்டருக்கு அப்பால் நேரடி பி அலை மறைந்துவிடுகிறது. 15,900 கிலோமீட்டர் அளவில் மீண்டும் வலுவாக எழுகிறது. நடுவிலுள்ள அந்த வளையம் நிழல் மண்டலம். கருவுக்குள் நுழையும் அலை நொடிக்கு 13.7 கிலோமீட்டரிலிருந்து 8 கிலோமீட்டருக்குத் தடாலென்று வேகம் இழந்து, உள்நோக்கி வளைந்துவிடுவதால் வரும் நிழல் அது. குட்டன்பெர்க் அன்றிருந்த கருவிகளை வைத்துச் சொன்ன ஆழத்துக்கும் இன்றைய 2,891 கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது.

கரு திரவம் என்பதை நிலைநாட்டியவர் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ், 1926-ல். நிலவின் ஈர்ப்பால் திடமான பூமியும் சற்றே நெளிகிறது. அந்த நெளிவை வைத்துப் பார்த்தால் பூமி முழுவதன் விறைப்பு, எஸ் அலை காட்டும் கவசத்தின் விறைப்பைவிடக் குறைவாக இருந்தது. உள்ளே விறைப்பே இல்லாத ஒரு பகுதி இருந்தால்தான் கணக்கு நேராகும். எஸ் அலை கருவுக்குள் போகாததும் இதோடு பொருந்தியது.

உட்கருவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1929-ல் நியூசிலாந்தில் ஒரு பெரிய நிலநடுக்கம். டென்மார்க்கின் இங்கா லேமன் அதன் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிழல் மண்டலத்துக்குள் இருந்த ஸ்வெர்ட்லோவ்ஸ்க், இர்குட்ஸ்க் போன்ற நிலையங்களில் மெல்லிய பி அலைகள் பதிந்திருந்தன. நிழலில் வெளிச்சம் இருக்கக் கூடாதே. கருவின் எல்லையில் அலைகள் சிதறி வருவதாக இருக்கும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். லேமன் விடவில்லை. கணினி இல்லாத காலம். உலக நிலையங்களிலிருந்து வந்த நேரங்களை அட்டைகளில் எழுதி வகைப்படுத்தி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். திரவக் கருவுக்கு நடுவில் இன்னொரு கோளம் இருந்து, அதன்மேல் பட்டுத் தெறித்தால்தான் அந்த இடத்துக்கு, அந்த நேரத்தில் அலை வரும் என்று 1936-ல் எழுதினார். அதன் ஆரம் இன்றைய கணக்கில் சுமார் 1,220 கிலோமீட்டர். லேமன் 104 வயது வரை வாழ்ந்து 1993-ல் மறைந்தார். தன் கண்டுபிடிப்பு ஒவ்வொரு புது முறையிலும் உறுதியாவதைப் பார்த்துவிட்டே போனார்.

அலை வந்து சேரும் நேரம் ஒரு சான்று. முற்றிலும் வேறான இரண்டாவது சான்றும் உண்டு. மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம். பானையின் தடிமனும் கீறலும் ஒலியில் தெரிந்துவிடும். மிகப் பெரிய நிலநடுக்கம் பூமியை அப்படிச் சுண்டிவிடுகிறது. 1960 மே 22-ல் சிலியில் வந்த 9.5 அளவு நிலநடுக்கத்துக்குப் பின் பூமி முழுவதும் ஒரே பொருளாக அதிர்ந்தது தெளிவாகப் பதிவானது. அதில் மிக மந்தமான அதிர்வு ஒரு சுற்றுக்கு 54 நிமிடம் எடுத்தது. 2004 டிசம்பர் 26-ல் நம் கரைகளைச் சூறையாடிய சுமத்திரா நிலநடுக்கமும் பூமியை அப்படி அதிரவைத்தது. பூமி மொத்தமாகச் சற்றே விரிந்து சுருங்கும் 20 நிமிட அதிர்வு மாதக்கணக்கில் அடங்கவில்லை. இந்த அதிர்வெண்களை வைத்து 1971-ல் ஜெவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் உட்கரு திடமானதுதான் என்று காட்டினார்கள். ஒவ்வொரு ஆழத்திலும் அடர்த்தி என்ன என்பதும் பெரும்பாலும் இந்த வழியில்தான் தெரிந்தது. கவசத்தின் அடியில் 5.6, கரு தொடங்கியதும் 9.9, நடுமையத்தில் சுமார் 13. இரண்டு வகைச் சான்றையும் இணைத்து 1981-ல் ஜெவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் தந்த மாதிரியை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தரவுகளுக்கு ஒரு விசித்திரமான பின்னணி உண்டு. 1960-களில் அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்கத்தான் உலகெங்கும் ஒரே தரமான கருவிகளை நிறுவினார்கள். கொடைக்கானலும் அந்த வலையமைப்பில் ஒரு நிலையம். குண்டைத் தேடப் போட்ட காது பூமியின் உள்ளமைப்பையும் கேட்டது.

ஆகவே எல்லைகளையும் திட-திரவ நிலையையும் கற்பனை என்று சொல்ல இடமே இல்லை. நாளைக்கு எங்காவது நிலநடுக்கம் வந்தால், எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் முதல் அலை வரும் என்று இந்த மாதிரியை வைத்து முன்கூட்டியே சொல்லலாம். பூமியின் நேர் மறுபக்கத்துக்கு, கரு முழுவதையும் ஊடுருவிப் போக, சுமார் 20 நிமிடம். ஓரிரு நொடி பிசகினாலே ஏன் என்று கேட்டு ஆராயும் அளவுக்கு அது துல்லியம்.

இப்போது குழம்பு. கவசம் திடமானது. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் படங்களில் அதை ஆரஞ்சு நிறத்தில் கொதிப்பதுபோல வரைந்துவிடுகிறார்கள். மேலோட்டுக்கு அடியிலிருந்து 2,891 கிலோமீட்டர் வரை எஸ் அலைகள் தாராளமாகப் போகின்றன. திரவமாக இருந்தால் அவை போகவே முடியாது. அப்படியானால் கண்டங்கள் எப்படி நகர்கின்றன? திடப் பாறையும், போதிய சூட்டில், போதிய காலம் கொடுத்தால், படிகங்களுக்குள் அணுக்கள் மெல்ல இடம் மாறி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வழியும். நொடிகளில் கடந்துபோகும் அலைக்கு அது திடம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது ஓட்டம். எரிமலைக் குழம்பு கீழே ஏற்கெனவே இருக்கும் ஒரு கடலிலிருந்து வருவதில்லை. சூடான கவசப் பாறை மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து, அதில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகும். கடலடித் தட்டுகள் கீழே இறங்கும் இடங்களில் அவை கொண்டுபோகும் நீர், பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுவதாலும் உருகும். மேல் கவசத்தில் எஸ் அலை சற்றுத் தளரும் ஒரு பகுதி உண்டு. அங்கே மிகச் சிறு அளவில் உருகல் இருக்கலாம். எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பூமியில் உண்மையான பெரிய திரவ அடுக்கு ஒன்றுதான், வெளிக்கரு. அது பாறைக் குழம்பு கிடையாது, உருகிய உலோகம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: எதனால் ஆனது? மேலோட்டைப் பற்றிக் கவலையில்லை, கையில் எடுத்தே பார்க்கலாம். அதன் அடிப்பகுதியைக்கூடப் பார்க்கலாம். பல்லாவரம், பரங்கிமலை, சேர்வராயன், நீலகிரி எங்கும் கிடைக்கும் கருநீலச் சாயல் கொண்ட சார்னோக்கைட் பாறை, மேலோட்டின் கீழ்ப்பகுதியில், இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் உருவானது. மேலேயிருந்தது முழுவதும் தேய்ந்துபோய் இன்று வெயிலில் கிடக்கிறது. மகளை அழைத்துக்கொண்டு போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவசத்தின் மேற்பகுதியும் கைக்கு வந்திருக்கிறது. வைரம் கொண்டுவரும் கிம்பர்லைட் குழாய்கள், ஆந்திராவின் வஜ்ரகரூரில் இருப்பவைபோல, வரும் வழியில் நூற்றைம்பது இருநூறு கிலோமீட்டர் ஆழத்துக் கவசத் துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கின்றன. அவற்றில் ஆலிவின், பைராக்ஸீன், கார்னெட் என்று மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிகேட் கனிமங்கள். அதற்குக் கீழே போகப்போக, அலைவேகம் 410 கிலோமீட்டரிலும் 660 கிலோமீட்டரிலும் படியேறுகிறது. இரண்டு வைர முனைகளுக்கிடையே ஆலிவினை வைத்து நசுக்கி, லேசரால் சூடேற்றினால், சரியாக அந்த ஆழங்களின் அழுத்தத்தில் அதன் படிக அமைப்பு மாறி நெருக்கமாக அடுக்கிக்கொள்கிறது. முதலில் வாட்ஸ்லேயைட், அப்புறம் ரிங்வுடைட், 660-க்குக் கீழே பிரிட்ஜ்மனைட். வேதிப்பொருள் பெரிதாக மாறாமல் அடுக்கு மட்டும் மாறுகிறது. பிரிட்ஜ்மனைட்தான் பூமியின் கன அளவில் சுமார் 38 சதவீதம். பூமியில் மிக அதிகமாக இருக்கும் கனிமம் அது. ஆனால் 2014 வரை அதற்கு முறையான பெயர்கூட இல்லை. இயற்கையான மாதிரி ஆஸ்திரேலியாவில் 1879-ல் விழுந்த ஒரு விண்கல்லில் கிடைத்தபிறகுதான் பெயர் வைத்தார்கள். அதே 2014-ல் பிரேசில் வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைட் துகள் கிடைத்தது. எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் நீர். உடனே ‘பூமிக்கடியில் மாபெரும் கடல்’ என்று செய்திகள் வந்தன. அங்கே அலையடிக்கும் கடல் எதுவும் இல்லை. படிகக் கட்டமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீர் அது. ஒரு துகளை வைத்து அந்த ஆழம் முழுவதும் அப்படித்தான் என்று சொல்வதும் கடினம்.

கரு இரும்பு என்பது யாரும் தொட்டுப் பார்த்து வந்த முடிவில்லை, ஆனால் மறுப்பது மிகக் கடினம். அந்த அடர்த்தியும் அலைவேகமும் இரும்புக்கு நெருங்கி வருகின்றன. பூமி உருவான மூலப்பொருளின் சாயலைக் காட்டும் விண்கற்களில் இரும்பு ஏராளம். கவசத்திலும் மேலோட்டிலும் இருக்கும் இரும்பு அந்த அளவுக்குப் போதவில்லை, மிச்சம் எங்காவது இருந்தாகவேண்டும். பூமியின் காந்தப்புலத்துக்கும் மின்கடத்தும் திரவம் ஒன்று சுழன்றோட வேண்டும். நிரந்தரக் காந்தம் ஒன்று உள்ளே இருக்கமுடியாது, இரும்பு 770 டிகிரியிலேயே காந்தத்தன்மையை இழந்துவிடும். ஆனால் 1952-ல் ஃபிரான்சிஸ் பிர்ச் இன்னொன்றையும் கவனித்தார். வெளிக்கரு, அதே அழுத்தத்தில் சுத்த இரும்பு இருக்கவேண்டிய அடர்த்தியைவிட லேசானது. இன்றைய கணக்கில் 5 முதல் 10 சதவீதம் குறைவு. ஆகவே ஏதோ இலகுவான தனிமம் கலந்திருக்கிறது. சிலிக்கனா, ஆக்சிஜனா, கந்தகமா, கார்பனா, ஹைட்ரஜனா? எழுபது ஆண்டுகளாகியும் விகிதம் தீரவில்லை. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருக்கும். நிக்கல் சுமார் 5 சதவீதம் என்பதும் விண்கற்களை வைத்துச் சொல்வதே. அலைகளால் இரும்பையும் நிக்கலையும் பிரித்தறிவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக ஒன்று. புத்தகத்தில் வரும் சியால் (சிலிக்கனும் அலுமினியமும்), சிமா (சிலிக்கனும் மக்னீசியமும்), நைஃப் (நிக்கலும் இரும்பும்) என்ற பிரிப்பு நூறாண்டுக்கு முன் எட்வர்ட் ஸூஸ் காலத்தில் வந்தது. வினாத்தாளில் கேட்டால் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆய்வில் இப்போது அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மேலோடும் கவசமும் அவ்வளவு எளிதாக இரண்டு பெயருக்குள் அடங்குவதில்லை. இன்னொரு குழப்பம்: நகரும் தட்டு என்பது மேலோடு மட்டும் இல்லை. மேலோடும் அதோடு ஒட்டிய விறைப்பான மேல் கவசமும் சேர்ந்து, பல இடங்களில் நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் தடிமனாக, ஒன்றாக நகர்கின்றன.

வெப்பநிலைதான் புத்தகம் மிகத் துணிந்து எழுதும் எண். அதை நேராக அளக்க வழியில்லை. உட்கருவின் விளிம்பில் திட இரும்பும் திரவ இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, ஆகவே அங்குள்ள வெப்பம் அந்த அழுத்தத்தில் இரும்புக் கலவையின் உருகுநிலை. அழுத்தம் எவ்வளவு என்பது நன்றாகத் தெரியும், வளிமண்டல அழுத்தத்தைப் போல 32 லட்சம் மடங்கு. அந்த நிலையில் ஆய்வகத்தில் இரும்பை உருக்கி அளப்பது பெரும்பாடு. 2013-ல் பிரான்சின் கிரெனோபிளில் செய்த சோதனையை வைத்துச் சுத்த இரும்புக்கு 6,230 கெல்வின், கூடக் குறைய 500 என்றார்கள். கலந்திருக்கும் இலகு தனிமங்கள் உருகுநிலையைக் குறைக்கும். எவ்வளவு என்பது அந்தத் தனிமம் எது என்பதைப் பொறுத்தது. ஆகவே 5,000 முதல் 6,000 சொச்சம் என்று சொன்னால் நேர்மையாக இருக்கும். உள்ளிருந்து வெளியேறும் வெப்பம் நன்றாக அளக்கப்பட்டது, சுமார் 4,700 கோடி கிலோவாட். அதில் ஏறக்குறையப் பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருகிறது என்பது மதிப்பீடு. 2005 முதல் ஜப்பானிலும் பிறகு இத்தாலியிலும் பூமிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடித்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பிழை விளிம்பு இன்னும் அகலம்தான்.

உட்கரு எப்போது உறையத் தொடங்கியது என்பதில் ஐம்பது கோடி ஆண்டுகளிலிருந்து நூறு கோடிக்கு மேல்வரை பதில்கள் உண்டு. இரும்பு அந்த நிலையில் எவ்வளவு வேகமாக வெப்பம் கடத்துகிறது என்பது தீராதவரை இதுவும் தீராது. உட்கரு கவசத்தைவிடச் சற்று வேகமாகச் சுழல்கிறது என்று 1996-ல் ஒரு ஆய்வு வந்தது. 2023-ல் ‘பூமியின் உட்கரு நின்றுவிட்டது’ என்று செய்திகள் பரவின. அந்த ஆய்வு சொன்னது, கவசத்தோடு ஒப்பிடும்போது உட்கருவின் முந்தல் நின்று திசை மாறுகிறது போலத் தெரிகிறது என்று. பூமியோடு சேர்ந்து அது சுழன்றுகொண்டேதான் இருக்கிறது. கவசத்தின் அடியில், ஆப்பிரிக்காவுக்குக் கீழும் பசிபிக்குக் கீழும், எஸ் அலை மந்தமாகும் இரண்டு பிரம்மாண்டமான பகுதிகள் இருக்கின்றன. அவை இருப்பதில் சந்தேகமில்லை. வெறும் சூடா, வேறு பொருளா என்பதில்தான் சந்தேகம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மட்டம், பூமியின் சீரான வடிவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஈர்ப்பு வடிவம் மிகத் தாழ்ந்த இடம். 2023-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும், ஆப்பிரிக்காவுக்கு அடியிலுள்ள அந்தப் பகுதியிலிருந்து எழுந்த சூடான, இலகுவான பொருள் கவசத்தின் மேற்பாதியில் பரவியிருப்பதே காரணம் என்று கணினி மாதிரிகள் வழியாக வாதிட்டார்கள். எனக்கு அது ஏற்புடையதாகத் தெரிகிறது. எல்லாரும் ஏற்றுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

கவசத்தை நேரில் எட்டும் முயற்சி நடந்ததா என்றும் நீங்கள் யோசித்திருக்கலாம். 1961-ல் அமெரிக்கர்கள், மேலோடு மெல்லியதாக இருக்கும் கடலடியில், மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே தோண்டிப் பார்த்தார்கள். 183 மீட்டர் போனார்கள். சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2023-ல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் அட்லாண்டிக்கின் நடுவே, நிலப்பிளவால் கவசப் பாறையே கடலடிக்கு ஏறி வந்திருக்கும் ஓரிடத்தில், 1,268 மீட்டர் ஆழம் வரை தோண்டி அந்தப் பாறையை மேலே கொண்டுவந்தது. கடல்நீர் பட்டு மாறியிருந்தாலும் அது கவசத்தின் பாறைதான். மேலோடு அதனதன் இடத்தில் இருக்க, அதை முழுதாகத் துளைத்து மோஹோவைத் தாண்டிய துளை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.